இரண்டரை மணி நேரம்

தந்தியில் இருந்தது மொத்தம் ஐந்து இங்கிலீஷ் வார்த்தை. வெள்ளைத்துரை அதை மூன்றாவது தடவையாக வாசித்துத் தமிழில் சொன்னபோது, பந்தலில் உருமி அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். “விமானத்தில் வருகிறேன். அப்பாவை வைத்திருக்கவும்.” கொழும்பிலிருந்து காசிமாயன் கொடுத்திருந்த பதில் அது. அவனுடைய அப்பா சின்னச்சாமி அன்று திங்கட்கிழமை விடியற்காலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன இடத்திலேயே படப்பில் சாய்ந்தபடி உயிரை விட்டிருந்தார். இப்போது வேப்பமரத்தடியில் மர நாற்காலியில், தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டி, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, ஏதோ பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணன் மகனான வெள்ளைத்துரைதான் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடியிலிருந்து தல்லாகுளம் போய்த் தந்தி கொடுத்தவன். பதில் வரும்வரை தபாலாபீஸ் வாசலிலேயே நின்றிருந்து, பங்குனி வெயிலில் திரும்ப மிதித்து, வேர்வை சொட்டச் சொட்ட வந்து நின்றவன்.

சின்னச்சாமியின் மனைவி சோலையம்மாள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு, அவிழ்ந்த தலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெள்ளை, ஏரோப்பிளான்ல வந்தா எம்புட்டு நேரம்டா ஆகும்?”

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது. அதில்தான் அவன் பதினைந்து வருஷமாக வாழ்ந்துகொண்டிருந்தான். ஏர் பிடிக்கத் தெரியாது, கிணற்றில் கமலை இறைக்கத் தெரியாது, ஜல்லிக்கட்டு மாட்டைக் கண்டால் வேலி தாண்டுவான். ஆனாலும் ஊரில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரைட்டர். திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு முடித்து, தல்லாகுளத்தில் சர்க்கார் கச்சேரிக்கு எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிறவன். அவன் எழுதுகிற மனுவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட பத்திகள் இருக்கும். ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டிருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. ஊரிலிருந்து யார் எதைக் கேட்டு வந்தாலும், வாய்தா என்றைக்கு, வரி எப்போது, சர்க்கார் என்ன சொல்லுது, எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வான். தெரியாது என்று அவன் சொல்லி அந்த ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்தக் கேள்விக்கோ அவனிடம் பதில் தயாராகவே இருந்தது. தை மாதம் காசிமாயன் ஒரு கடிதத்தில், இப்போது கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் விடுகிறார்களாம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அண்ணன் கணக்குப் பார்த்து எழுதவும் என்று கேட்டிருந்தான். வெள்ளைத்துரை தன் பழைய பள்ளிக்கூடப் படப் புத்தகத்தை எடுத்து, கொழும்பில் ஊசியைக் குத்தி, திருச்சினாப்பள்ளிவரை தையல் நூலை இழுத்துப் பிடித்து, அந்த நூலைப் படத்தின் அடியிலிருந்த மைல் கோட்டில் வைத்து அளந்தான். இருநூற்று எழுபத்தைந்து மைல். பத்திரிகையில் மணிக்கு நூற்றுப் பத்து மைல் என்று படித்திருந்தான். வகுத்தால் மிச்சமே இல்லாமல் இரண்டரை வந்தது. மிச்சமில்லாமல் வந்ததில் அவனுக்கு ஒரு பூரிப்பு. பதில் கடிதத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்து, இடதுபக்கம் ‘ரயில், கப்பல், மறுபடி ரயில்: இருபத்திரண்டு மணி’ என்றும், வலதுபக்கம் ‘விமானம்: இரண்டரை மணி’ என்றும் எழுதி, இரண்டரையின் கீழே இரண்டு கோடு போட்டான். விமானம் எந்தெந்தக் கிழமை வரும், அதில் எத்தனை பேர் ஏறலாம், கேட்டவுடனே இடம் கொடுப்பார்களா என்றெல்லாம் படத்தில் போட்டிருக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை.

“ரெண்டரை மணி நேரம், சின்னாத்தா,” என்றான். “இன்னிக்குப் பொழுது போயிருச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஏறுவான். பத்தரைக்குத் திருச்சி. அங்கிருந்து ரயில் நாலு மணி நேரம். ஜட்கா பிடிச்சு இங்க வர அஞ்சரை. வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவான்.”

சோலையம்மாளின் அண்ணன் காளை பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கச்சி மாப்பிள்ளைக்குக் கோடி போட வேட்டியும் துண்டும் வாங்கி அக்குளில் இடுக்கியிருந்தார்.

“என்னா மாப்ள சொல்ற? கொழும்புல இருந்து ரெண்டரை மணியா? நான் திருமங்கலத்துக்கு வண்டி கட்டுனா அம்புட்டு நேரம் ஆகுதேப்பா.”

“உங்க மாடு அப்பிடி மாமா,” என்றான் வெள்ளைத்துரை. கேத வீடு என்பதையும் மறந்து நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவனை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியது.

காளை சிரிக்கவில்லை. “வெயிலு என்னா அடி அடிக்குது பாரு. இன்னிக்குச் சாயந்தரம் எடுக்குறதுன்னு எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. நாளைக்கு வெளக்கு வைக்கிற மட்டும்னா உடம்பு தாங்குமா?” என்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். சோலையம்மாள் நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு, “எனக்கு இருக்குறது ஒத்தப் பிள்ளைண்ணே. அவன் கையால கொள்ளி வாங்காமப் போனா இந்த மனுசன் கட்டை வேகாது. ரைட்டரு கணக்குப் பாத்துச் சொல்றான்ல. வச்சிருங்க,” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

வைத்திருப்பது என்றால் ஒரு வீட்டோடு போகிற காரியம் இல்லை. பிணம் கிடக்கிறவரை பங்காளி வீடு எதிலும் அடுப்பு மூட்டக் கூடாது. அந்தத் தெருவில் மட்டும் பங்காளி வீடு இருபத்தாறு. சம்பந்த வீட்டார் கொண்டுவந்து ஊற்றுகிற கஞ்சிதான் சாப்பாடு. அவர்களும் ஒரு நாளைக்குத்தான் கொண்டுவருவதாக வந்திருந்தார்கள். கோயில் கதவைச் சாத்தியாகிவிட்டது. கருப்பசாமிக்கு மாலை விளக்கு இல்லை. பாடைக்குக் கட்டிய பூவை அவிழ்த்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தார்கள். இத்தனையும் தன் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணின்மேல் நிற்கிறது என்பது வெள்ளைத்துரைக்குத் தெரிந்தேயிருந்தது. பாரமாக இல்லை. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காளை மாட்டுவண்டியில் டவுனுக்குப் போய், உமிக்குள் புதைத்து இரண்டு பாளம் ஐஸ்கட்டி கொண்டுவந்தார். வழியிலேயே பாதி உருகியிருந்தது. நாற்காலியில் வைத்திருந்தால் தாங்காது என்று சின்னச்சாமியைப் பெஞ்சில் படுக்கவைத்து அடியில் தொட்டி வைத்து ஐஸைப் போட்டார்கள். வேப்பங்குழை, கல் உப்பு, ஈரமணல், அவரவர்க்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் நடந்தது. உருகிய தண்ணீர் பந்தலைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, மண்ணில் கறுப்பாக ஒரு வாய்க்கால் போட்டது. வருகிறவர்கள் அதை மிதிக்காமல் தாண்டி வந்தார்கள்.

வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆகாயத்தில் பறந்து அப்பனுக்குக் கொள்ளி வைக்க வருகிறானாம் ஒருத்தன் என்கிற சேதி வடபழஞ்சி, நாகமலை, விளாச்சேரி என்று பரவி, செத்தவரை முன்னே பின்னே தெரியாதவர்களெல்லாம் வந்தார்கள். வந்து ஒரு நிமிஷம் பிணத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் சமணர்மலைக்கு மேலே வானத்தைப் பார்த்தார்கள். திருச்சியில்தான் இறங்குவான், விமானம் இந்த வழியாக வராது என்று வெள்ளைத்துரை எத்தனை தடவை சொன்னாலும் பார்வை மேலேயேதான் இருந்தது. தல்லாகுளத்தில் பழையதாக வாங்கிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவன் பந்தல் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“ரைட்டரே, இப்ப எங்கிட்டு வந்திருப்பான்?”

“எட்டே முக்காலு. கடல் மேல வாரான்.”

“கடல் மேலயா! ஆத்தாடி. கீழ குனிஞ்சு பாத்தா மயக்கம் வராதா?”

“அதுக்குத்தான் கண்ணாடி போட்டிருக்கும்.”

ஒன்பதரைக்கு, “ராமநாதபுரம் சீமைக்குள்ள வந்துட்டான்” என்றான். அதைக் கேட்டுத்தான் சோலையம்மாள் முந்தின நாளிலிருந்து தொடாத கஞ்சியில் ஒரு மடக்குக் குடித்தாள். பத்தரைக்கு, “இறங்கிட்டான்” என்று அவன் சொன்னபோது பெண்கள் குலவை போடாத குறை. யாரோ ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் ரயில் ஏற்றிவிட்டான். மணப்பாறை. திண்டுக்கல். கொடைரோடு. ஒவ்வொரு ஊராக அவன் சொல்லச் சொல்ல, அந்த ரயில் உண்மையிலேயே அவனுடைய வார்த்தையில் ஓடிவருகிற மாதிரி இருந்தது. காசிமாயன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பதும், அவன் போட்டிருக்கிற கோட்டும், அவனுக்கே கண்ணில் தெரிந்தது. நாலே காலுக்கு மதுரை ஸ்டேஷன். நாலரைக்கு ஜட்கா. ஐந்தரை ஆனதும் பந்தலில் இருந்த எல்லோரும், சொல்லிவைத்த மாதிரி, தெருமுனையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஆறு மணி ஆயிற்று. ஆறே கால்.

தெருமுனையில் ஒரு ஆட்டுக்கிடை போயிற்று. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

காளை அவன் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் பேசினார்.

“மாப்ள. தபாலாபீஸ் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாயேன். ஏதும் சேதி வந்து கெடந்தாலும் கெடக்கும்.”

போயிருக்கலாம். சைக்கிள் வேலியில் சாத்தித்தான் இருந்தது. தந்தி வந்தால் ஊருக்கு ஆளனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவைத்தவனும் அவன்தான். தெரிந்த குமாஸ்தா, வீடும் ஆபீசுக்குப் பின்னாலேயே இருக்கிறது, கதவைத் தட்டினால் கொடுப்பார். ஆனால் இத்தனை பேர் பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்றால் என்ன அர்த்தம்? காலையிலிருந்து கடல், ராமநாதபுரம், மணப்பாறை என்று சொன்னதெல்லாம் அவனுக்கே தெரியாது என்று அர்த்தம். சும்மா வாயால் ஓட்டிய ரயில் என்று அர்த்தம். அவனுக்குக் காது மடல் சுட்டது.

“விமானத்துல வாரவன் எதுக்கு மாமா தந்தி குடுக்கான்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். “தந்தி வாரதுக்குள்ள ஆளு வந்துரும். காத்து எதுத்து அடிச்சா விமானத்துக்குக் கொஞ்சம் தாமசம் ஆகும். ரயிலைத் தவற விட்டிருப்பான். காலைல வந்துருவான்.”

காற்று எதிர்த்து அடிப்பதைப் பற்றி அதுவரை அவன் ஒரு தடவைகூட நினைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்தது, சொன்னான். சொன்னதும் பந்தலில் எல்லோரும் தலையாட்டியதைப் பார்த்து, அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இவர்கள் இதையும் நம்புகிறார்கள். எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அந்தப் பயத்தோடு அவன் சிற்றப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அது சிற்றப்பாவின் முகமாக இல்லை. உதடு தடித்து, கண் இமை புடைத்து, தாடைக் கட்டு சதைக்குள் அழுந்திப் போயிருந்தது. சோலையம்மாள் முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். விரட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, முகத்தின்மேல் துணியை இழுத்து மூடினாள். எட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் வெள்ளை வேட்டியில் கறை படாமல் உட்கார்ந்து எழுந்த மனுஷன். ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த வெள்ளைத்துரையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திருமங்கலத்தில் சேர்த்தவரே அவர்தான். அதை நினைத்த மாத்திரத்தில் இன்னொன்றும் புத்தியில் தட்டியது. திங்கட்கிழமை சாயங்காலம் கொழும்பில் ரயிலேறியிருந்தால், இருபத்திரண்டு மணி, இந்நேரம் காசிமாயன் இங்கே வந்து நின்றிருப்பான். வழக்கமாக எல்லோரும் வருகிற வழி. அவனை அந்த ரயிலில் ஏறவிடாமல் செய்தது எது? இரண்டு கோடு போட்ட அந்த இரண்டரை.

அன்று ராத்திரி பந்தலில் ஆள் குறைந்துவிட்டது. அசலூர்க்காரர்கள் போய்விட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் காற்று வருகிற பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊதுபத்தியும் சாம்பிராணியும் கட்டுக்கட்டாக எரிந்தும் பிரயோசனமில்லை. வெள்ளைத்துரையின் மனைவி மாயக்காள், பசியில் அழுகிற பிள்ளைகளுக்கு வெல்லக்கட்டியைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, வாசலில் நின்ற அவனிடம் வந்தாள்.

“இருபத்தாறு வீட்டுப் பொம்பளையும் என் மூஞ்சியப் பாக்குறாளுக. கேட்ட அன்னிக்கே தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான்.

“இப்பயாச்சும் போயிச் சொல்லுங்க, எடுக்கச் சொல்லி. நீங்க சொன்னாத்தான் கேப்பாக.”

அது உண்மை. அவன் சொன்னால் கேட்பார்கள். அதனாலேயே அவனால் போக முடியவில்லை. எடுங்கள் என்று சொல்வதற்கு முன்னால், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். ஆயிரம் மனுவில் ‘தாங்கள் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்’ என்று மற்றவர்களுக்காக எழுதிக்கொடுத்தவனுக்கு அந்த வாசகம் தனக்கென்று வரவில்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சோலையம்மாளே எழுந்து வந்தாள். தலையை முடிந்திருந்தாள். அழவில்லை.

“எடுத்துருங்கண்ணே,” என்று காளையிடம் சொன்னாள். “அவருக்கே பிடிக்காது. யாரும் மூக்கப் பொத்திக்கிட்டு தன்னையப் பாக்குறது அவருக்குப் பிடிக்காது.” பிறகு வெள்ளைத்துரையின் பக்கம் திரும்பி, “நீ என்னடா செய்வ. ஆகாசத்துல என்னா தடங்கலோ,” என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

“கொள்ளிக்கு யாரு?” என்று நாவிதர் கேட்டார். யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காளை கையை நீட்டி, “ரைட்டருதான். அண்ணன் மகன், நெருங்குன பங்காளி. உக்காரு மாப்ள,” என்றார். குரலில் குத்தல் இருந்ததா என்று அவன் தேடிப் பார்த்தான். இல்லை. முறை அது. அவ்வளவுதான்.

நாவிதர் அவசரத்தில் இருந்தார். எல்லோருமே அவசரத்தில் இருந்தார்கள். கத்தி இரண்டு இடத்தில் உச்சந்தலையைக் கீறியது. நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டுகிற சடங்கைத் தூரத்திலிருந்து தண்ணீர் தெளித்து முடித்தார்கள். கோடித்துணியை மேலே வீசினாற்போலத்தான் போட்டார்கள். பாடை தூக்கின நாலு பேரும் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வேட்டுப் போடுகிறவன் வேட்டுப் போட மறந்து முன்னால் ஓடினான். சுடுகாட்டில் காசிமாயன் தூக்க வேண்டிய கொள்ளிக்குடத்தை வெள்ளைத்துரை தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினான். சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள். குடத்துத் தண்ணீர் முதுகில் வழிந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் நின்றவரிடம் சொல்வது காதில் விழுந்தது: “மகனுக்கு மகனா நின்னுட்டான்யா. தந்தி குடுத்ததென்ன, ரெண்டு நாளாத் தூங்காமக் கெடந்ததென்ன. படிச்சவன் படிச்சவன்தான்.” அவன் திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தான். திரும்பிப் பார்க்கக் கூடாதென்பது சடங்கு. அது அன்றைக்கு அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தெரு முழுக்க அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தன. அவன் சாப்பிடவில்லை. மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்தான். இன்றைக்கு யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

தல்லாகுளம் தபாலாபீஸில் குமாஸ்தா அவனைப் பார்த்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

“என்னய்யா ரைட்டர், நேத்தே வருவேன்னு பாத்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கே வந்திருச்சு.”

வெளியே வந்து நிழலில் நின்று பிரித்தான். ‘விமானத்தில் இடமில்லை. காத்திருக்க வேண்டாம். அப்பாவை எடுத்துவிடவும். ரயிலில் வருகிறேன்.’ நேரம் போட்டிருந்தது. செவ்வாய், மத்தியானம். அவன் பந்தல் வாசலில் உட்கார்ந்து ரயிலை மணப்பாறை தாண்ட விட்டுக்கொண்டிருந்த நேரம். காளை கேட்டபோது போயிருந்தால் எட்டு மைல் போக, எட்டு மைல் வர, கூடிப்போனால் இரண்டு மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்குள் பந்தம் பிடித்தாவது எடுத்திருப்பார்கள். அந்த ஒரு ராத்திரி இருந்திருக்காது. துணியை இழுத்து முகத்தை மூடிய பிறகு நடந்தது எதுவும் இருந்திருக்காது. மடித்த கோட்டிலேயே காகிதத்தை மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இந்தத் தந்தி வந்தது குமாஸ்தாவுக்கும் தனக்கும் தவிர ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. தன்னால் தனக்கே அருவருப்பு ஏற்பட்டு, புங்கமரத்தடிக்குப் போகாமல், தெரிந்தவர் கண்ணில் படாமல், சாயங்காலம்வரை வைகை மணலில் போய் உட்கார்ந்திருந்தான்.

அவன் மதுரை ஸ்டேஷனில் காத்திருந்த தனுஷ்கோடி ரயில் கொஞ்சம் தாமதமாக வந்தது. காசிமாயன் கையில் ஒரு தோல்பையோடு இறங்கினான். கசங்கிய வெள்ளைக் கோட்டு, இரண்டு நாள் தாடி, கண்ணில் கரித்தூள். அண்ணனைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுத் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஜட்கா பேசி ஏறினார்கள். ஜட்கா மேற்கே திரும்பிய பிறகும் அழுதான். காளவாசல் செங்கல் சூளைகளைத் தாண்டும்போது மூக்கைச் சிந்திவிட்டு, அழுகையை மறப்பதற்காகவே பேசுகிறவன் மாதிரி விடாமல் பேச ஆரம்பித்தான்.

“கொழும்புல தேயிலைக் கிட்டங்கில ஒரு நாளைக்கு நூறு பெட்டி நிறுக்கிறவன்ணே நான். என்னையத் தூக்கித் தராசுல நிக்க வச்சாய்ங்க. கேட்டீகளா? தபால் மூட்டைய முதல்ல நிறுத்தாய்ங்க. அப்புறம் என்னைய. என் பையை. ஒரு தொரை காகிதத்துல கூட்டிப் பாத்துட்டு, தலையாட்டிட்டான். தபாலு அன்னிக்குக் கூடுதலாம். தபால் போனது போகத்தான் ஆளாம். ஏம்பா, எங்கப்பன் செத்துக் கெடக்கான்பா, கடுதாசிய நாளைக்குக் கொண்டுட்டுப் போங்கடான்னு கெஞ்சுறேன். மூட்டைய ஏத்திக்கிட்டுப் போயிட்டாய்ங்கண்ணே. கண்ணு முன்னால ஏறிப் போச்சு. இம்புட்டூண்டு ஆகி, மறைஞ்சு போச்சு.”

வெள்ளைத்துரை குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் என் பகட்டுதான். முதல் நாளே ரயிலேறியிருந்தா வந்திருப்பேன். கிட்டங்கில எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன், ரெண்டரை மணி நேரம், எங்கண்ணன் கணக்குப் போட்டுக் குடுத்திருக்காருன்னு.” சொல்லிவிட்டு அவன் முகத்தைத் துடைத்தான். “ஆனா ஒண்ணுண்ணே. அங்கிருந்து நேரா ஓடிப் போயி உங்களுக்குத் தந்தி குடுத்தேன் பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நான் இல்லாட்டியும் போகுது. அண்ணன் இருக்காரு, அப்பாவக் கெட விடமாட்டாரு, தந்தியப் பாத்ததும் பொழுதோட எடுத்துருவாருன்னு நெனச்சுக்கிட்டேதான் ராத்திரியெல்லாம் உக்காந்து வந்தேன். மொகம் நல்லா இருந்துச்சாண்ணே? நேத்தே எடுத்தாச்சுல்ல?”

ஜட்கா ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எதிரே சமணர்மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் போய்ச் சேருகிறவரைக்குமாவது அவன் நிம்மதியாக வருவான். இன்னும் முக்கால் மணி நேரம். வெள்ளைத்துரை வாயைத் திறந்தான். அந்த வார்த்தை நாக்கின் நுனியிலேயே இருந்தது. எத்தனையோ வார்த்தைகள் அப்படி இருந்து, அவன் கேட்காமலே வெளியே வந்திருக்கின்றன. அவன் கையை உயர்த்தித் தலையில் சுற்றியிருந்த துண்டின் முடிச்சைத் தேடினான். காலையில் இறுக்கிக் கட்டியது. இரண்டு கையும் வேண்டியிருந்தது.

துண்டு அவிழ்ந்து மடியில் விழுந்தது. நேற்றே மழித்திருந்தால் முளைத்திருக்கும் கருமையின் சாயலே இல்லாமல் மழுமழுவென்றிருந்த தலையில், கத்தி கீறிய இடம் இரண்டும் துண்டோடு ஒட்டியிருந்து பிய்ந்து, புதிதாக ரத்தம் கசிந்தது. அதில் காற்றுப் பட்டு எரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். காசிமாயன் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் தெரியாத ஜட்காக்காரன் நாக்கைத் தட்டிக் குதிரையை விரட்டினான்.